தியோடர் ஹோவர்ட் சாமர்வெல்

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் (ஏப்ரல் 16, 1890 – ஜனவரி 23, 1975) இங்கிலாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர், மலையேறுநர், ஓவியர் ஆவார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தை அடைய முயன்ற பிரித்தானியக் குழுக்கள் இரண்டிலும் இடம்பெற்றவர். 1922 ஜூன் 7 அன்று எவரெஸ்டின் வடக்குக் கணவாய்க்குக் கீழே ஏழு சுமையாட்களைப் பலிகொண்ட பனிச்சரிவில் சிக்கி உயிர் தப்பினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கணவாயில் சிக்கிக்கொண்ட நான்கு சுமையாட்களைத் தம் உயிரைப் பணயம் வைத்து மீட்டார். அக்காலத்தில் திருவிதாங்கூரிலும் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அமைந்துள்ள நெய்யூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவப் பணி புரிந்தார். குமரி மாவட்டத்தில் இவர் மருத்துவராகவே நினைக்கப்படுகிறார். இவருடைய வாழ்வின் பனிமலைப் பகுதி தமிழ் வாசகர்களுக்கு அவ்வளவாகத் தெரியாதது.

இளமை

சாமர்வெல் இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரி மாவட்டத்தின் வாயிலில் உள்ள கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய குடும்பத்தினர் அங்கே பெயர்பெற்ற காலணித் தொழிற்சாலையை நடத்தி வந்தனர். ரக்பி பள்ளியில் பயின்றார். பதினெட்டாம் வயதில் ஏரி மாவட்டத்தின் பாறையேறுநர் சங்கத்தில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்வில் அண்டு கீஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் கற்று முதல் வகுப்பில் தேறினார். அதன்பின் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவப் பயிற்சி பெற்றார்.

முதல் உலகப் போரின்போது 1915 முதல் 1918 வரை அரச இராணுவ மருத்துவப் படையில் அறுவை மருத்துவராகப் பிரான்சில் பணியாற்றினார். 1916 ஜூலையில் சோம் போர் தொடங்கியபோது, காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்த களமருத்துவ நிலையத்தில் இருந்தார். அறுவைக்கூடத்துக்கு வெளியே திறந்த வெளியில் தூக்குக் கட்டில்களில் கிடந்தவர்களுள் யாரை முதலில் எடுப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்வதே அங்கே மருத்துவரின் முதல் வேலையாக இருந்தது. இந்த அனுபவம் இவரைப் போருக்கு எதிரானவராக மாற்றியது. 1920ல் அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினரானார். போருக்குப் பின்னர் விடுமுறைக் காலங்களை ஆல்ப்சு மலைகளில் கழித்தார். ஒரே கோடையில் முப்பதுக்கும் மேற்பட்ட சிகரங்களில் ஏறும் அளவுக்கு உடல் வலிமை கொண்டவர்.

1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணம்

எவரெஸ்டை அடைய நேபாளத்தின் வழி அந்நாளில் வெளிநாட்டவருக்கு மூடப்பட்டிருந்தது. ஆகவே பிரித்தானியர் டார்ஜிலிங்கில் இருந்து புறப்பட்டுத் திபெத்து வழியாகச் சுற்றி, வடக்குப் பக்கத்தில் இருந்து மலையை அணுகினர். 1921ல் சென்ற முன்னாய்வுக் குழு ஒரு வழியைக் கண்டறிந்திருந்தது. கிழக்கு ரோங்புக் பனியாற்றின் மேற்பகுதியில் இருந்து ஏறத்தாழ 7,020 மீட்டர் உயரத்தில் உள்ள வடக்குக் கணவாயை அடைந்து, அங்கிருந்து வடக்கு முகட்டின் வழியே மேலேறுவதே அந்த வழி. பனியாற்றுக்கும் கணவாய்க்கும் இடையே செங்குத்தான பனிச்சுவர் நிற்கிறது. வெண்பனி படிந்த சாய்வுகளும் உறைபனிச் செங்குத்துகளும் ஆழ்ந்த பனிப்பிளவுகளும் அதில் மாறி மாறி வருகின்றன. இந்த வழியில் செல்வோர் இதைக் கடக்காமல் அந்த முகட்டை அடைய இயலாது. சாமர்வெல்லின் மலை வாழ்வின் முதன்மையான நிகழ்வுகளில் இரண்டு இந்தச் சுவரிலேயே நடந்தன.

ஜெனரல் சார்லசு புரூசு தலைமையேற்ற 1922ஆம் ஆண்டுக் குழுவில் ஜார்ஜ் மலோரி, எட்வர்டு நார்ட்டன், ஜார்ஜ் ஃபிஞ்ச், ஹென்றி மோர்ஷெட் முதலியோருடன் சாமர்வெல்லும் இருந்தார். மலோரியும் இவரும் நெருங்கிய நண்பர்களாயினர். கூடாரத்தில் அடைந்து கிடக்க நேர்ந்த பொழுதுகளில் இருவரும் ஷேக்சுபியரின் நாடகங்களைச் சேர்ந்து படித்தனர்.

மே 21 அன்று மலோரி, நார்ட்டன், சாமர்வெல் ஆகிய மூவரும் ஆக்சிசன் இன்றி 8,225 மீட்டர் உயரத்தை எட்டினர். மனிதர் 8,000 மீட்டரைக் கடந்தது அதுவே முதல் முறை. உறைபனிக்கடியால் பாதிக்கப்பட்டுக் கீழே தங்கியிருந்த மோர்ஷெட்டையும் சேர்த்துக்கொண்டு இறங்கும்போது ஒருவர் வழுக்கியதால் கயிற்றில் பிணைந்திருந்தவர்கள் இழுபட்டனர். மலோரி பனிக்கோடரியில் கயிற்றைச் சுற்றித் தடுத்ததால் நால்வரும் தப்பினர். மே 27 அன்று ஃபிஞ்சும் ஜெஃப்ரி புரூசும் ஆக்சிசன் உதவியுடன் 8,320 மீட்டர் வரை சென்று திரும்பினர்.

இத்துடன் பயணம் முடிந்திருக்கலாம். உறுப்பினர்களுள் பலர் உறைபனிக்கடியாலும் களைப்பாலும் தளர்ந்திருந்தனர், பருவமழைக் காலமும் நெருங்கிவிட்டது. குழுவின் மருத்துவர் டாம் லாங்சுடாஃப் மூன்றாவது முயற்சியை விரும்பவில்லை. எனினும் உடல்நலத்துடன் இருந்த மலோரியும் சாமர்வெல்லும் மேலும் ஒரு முறை முயன்று பார்க்க முடிவு செய்தனர். உடன் புறப்பட்ட ஃபிஞ்ச் உடல் தளர்ந்து முதல் முகாமிலிருந்தே திரும்பிவிட்டார்.

ஜூன் 7 பனிச்சரிவு

ஜூன் மாதத்தின் முதல் நாட்களில் பனியாற்றின் மீது கடும் வெண்பனி பொழிந்தது. ஜூன் 5 அன்று குழுவினர் மூன்றாம் முகாமை அடைந்தனர். மறுநாள் வானம் தெளிந்து நல்ல வெயில் அடித்தது. புதிதாக விழுந்த பனி அந்த ஒரு நாளில் படிந்து இறுகியிருக்கும் என்று கருதி, ஜூன் 7 காலை எட்டு மணியளவில் மலோரி, சாமர்வெல், கொலின் கிராஃபோர்டு ஆகியோர் பதினான்கு சுமையாட்களுடன் வடக்குக் கணவாயை நோக்கிப் புறப்பட்டனர். ஆர்தர் வேக்ஃபீல்டு முகாமில் தங்கினார். சுமையாட்களில் பெரும்பாலோர் டார்ஜிலிங்கில் அமர்த்தப்பட்ட செர்ப்பாக்கள். உயரமான முகாம்களுக்கான பொருட்களும் ஆக்சிசன் உருளைகளும் அவர்கள் முதுகில் இருந்தன.

ஆபத்தை அவர்கள் நினைக்காமல் இல்லை. சாய்வின் கீழ்ப்பகுதியில் உறைபனியின் மேல் புதுப்பனி படிந்த செங்குத்தான ஓர் இடம் இருந்தது. பனி நழுவுமானால் முதலில் அங்கேதான் நழுவும் என்று எண்ணி, அதில் மிதித்து வழியமைத்துச் சோதித்துப் பார்த்தனர். பனி அசையவில்லை. அங்கேயே நிற்கும் பனி அதைவிடச் சாய்வு குறைந்த மேற்பகுதியில் நிச்சயம் நிற்கும் என்று முடிவுகட்டினர். அதன்பின் முழங்கால் வரை புதையும் பனியில், முன்செல்பவர் மாறி மாறி வழி திறக்க, மெதுவாக முன்னேறினர்.

பதினேழு பேரும் நான்கு கயிறுகளில் பிணைந்திருந்தனர். முதல் கயிற்றில் சாமர்வெல், மலோரி, ஒரு சுமையாள், கிராஃபோர்டு ஆகியோர் சென்றனர். அவர்களுக்குப் பின்னே மூன்று கயிறுகளில் பதின்மூன்று சுமையாட்கள் வந்தனர். கணவாய்க்கு ஏறத்தாழ 200 மீட்டர் கீழே அவர்கள் சாய்வைக் கடந்துகொண்டிருந்த வேளையில், பிற்பகல் 1.50 மணியளவில், வெடி வெடித்தது போன்ற மந்தமான ஓசை கேட்டது. அடுத்த கணமே காலடிப் பனி நகரத் தொடங்கியது.

முதல் கயிற்றில் இருந்த நால்வரும் பனியுடன் சிறிது தொலைவு இழுத்துச் செல்லப்பட்டு, மேலோட்டமாகப் புதைந்து, தாமாகவே வெளிவந்தனர். இரண்டாம் கயிற்றின் நால்வரும் மேலும் கீழே தள்ளப்பட்டாலும் பிழைத்தனர். கடைசி இரண்டு கயிறுகளிலும் இருந்த ஒன்பது பேரும் உறைபனிச் செங்குத்து ஒன்றின் விளிம்பைத் தாண்டி, அதன் அடியில் இருந்த பனிப்பிளவுக்குள் வீசப்பட்டனர். அவர்கள் மேல் பனி வந்து விழுந்து மூடியது. மேலே இருந்தவர்கள் இறங்கி வந்து பனிக்கோடரிகளாலும் கைகளாலும் தோண்டினர். இருவர் உயிருடன் மீட்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஏறக்குறைய 40 நிமிடங்கள் பனிக்குள் இருந்தவர். மற்ற எழுவரும் இறந்தனர். இறந்தவர்களின் உடல்களை மலையிலேயே விட்டுவிடுமாறு அவர்களுடைய தோழர்கள் கேட்டுக்கொண்டனர். மூன்றாம் முகாமில் அவர்கள் நினைவாகக் கற்குவியல் ஒன்று எழுப்பப்பட்டது. எவரெஸ்ட் ஏற்ற முயற்சியின் முதல் பெரும் விபத்து இதுவே.

மடிந்த எழுவரும் கூலிக்குச் சுமை தூக்க வந்தவர்கள். முடிவு எடுத்த மூன்று ஆங்கிலேயரும் காயமின்றித் தப்பினர். இந்த வேறுபாடு சாமர்வெல்லை நெடுநாள் வருத்தியது. இறந்தவர்களுள் தங்களில் ஒருவரேனும் இருந்திருந்தால், இழப்பில் தாங்களும் பங்கேற்றதாகச் சுமையாட்கள் உணர்ந்திருப்பார்களே என்று தாம் எண்ணியதை அவர் பின்னர் தம் நூலில் பதிவு செய்தார். மலோரி முழுப் பொறுப்பையும் தம் மீதே ஏற்றுக்கொண்டார். குழுவுக்குள்ளேயே அவர்களுடைய முடிவு கண்டிக்கப்பட்டது. 1924ல் சாமோனி நகரில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் 1922ஆம் ஆண்டுக் குழுவினருக்கு மலையேற்றத்துக்கான பதக்கம் வழங்கப்பட்டது. உயிரிழந்த சுமையாட்களும் அதில் சேர்க்கப்பட்டனர்.

விபத்தின் காரணங்கள்

சாமர்வெல்லும் மலோரியும் பனியைப் பற்றி அறியாதவர்கள் அல்லர். அவர்கள் அறிந்திருந்தது ஆல்ப்சு மலையின் கோடைக்காலப் பனி. அங்கே புதிதாக விழும் வெண்பனி பகல் வெயிலில் இளகி, இரவில் உறைந்து, ஓரிரு நாட்களில் பழைய பனியுடன் பிணைந்துவிடுவது வழக்கம். ஆகவே பனிப்பொழிவுக்குப் பின்னர் ஓரிரு நாள் காத்திருந்து புறப்படுவது அனுபவத்தில் பிறந்த விதியாக இருந்தது. 7,000 மீட்டர் உயரத்தில், காற்றும் குளிரும் வேறாக உள்ள இமயமலையில் அந்த விதி செல்லுபடியாகவில்லை. வெயில் மேற்பரப்பைப் பளபளப்பாக்கினாலும் உள்ளே இருக்கும் அடுக்குகள் பிணையாமலே இருக்கக்கூடும்.

மலைமேல் கிடக்கும் வெண்பனி ஒரே பொருள் அன்று. ஒவ்வொரு பொழிவும் ஒவ்வொரு காற்றும் தனித்தனி அடுக்கை உண்டாக்குகின்றன. காற்று ஒரு பக்கத்தில் உள்ள பனியை வாரிச் சென்று மறுபக்கத்துச் சாய்வில் குவிக்கிறது. இவ்வாறு குவியும் பனித்துகள்கள் நொறுங்கி நெருக்கமாக அடுங்குவதால் அவ்வடுக்கு பலகை போல இறுகுகிறது. எவரெஸ்டில் மேற்கில் இருந்து வீசும் காற்றே வலிமையானது. வடக்குக் கணவாயின் கிழக்குச் சாய்வு அக்காற்றுக்கு மறைவில் அமைந்திருப்பதால், பனி குவிவதற்கு ஏற்ற இடமாகிறது. இறுகிய பலகைக்கு அடியில் பிணைப்பற்ற மெல்லிய அடுக்கு ஒன்று இருந்தால், ஏறுபவரின் எடையே அதை நொறுக்கப் போதுமானது. நொறுங்கல் நொடிப்பொழுதில் பக்கவாட்டில் பரவி, சாய்வு முழுவதும் ஒரே பாளமாகக் கழன்று இறங்கும். அப்போது எழும் மந்தமான ஓசையைப் பனிமலைகளில் செல்வோர் பலர் கேட்டிருக்கின்றனர். இவ்வகைப் பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் நிகழ்கின்றன.

இந்த அறிவைக் கொண்டு பார்த்தால் ஜூன் 7 அன்று செய்த சோதனை ஏன் ஏமாற்றியது என்பது விளங்குகிறது. ஓர் இடத்தில் பனி நிற்பது, நூறு மீட்டர் தள்ளி உள்ள இன்னோர் இடத்தில் நிற்கும் என்பதற்கு உறுதி ஆகாது. கீழே அவர்கள் மிதித்துப் பார்த்த பனி உறைபனியில் நன்றாக ஒட்டியிருந்தது. மேலே இருந்த பனியின் அடியடுக்கைப் பற்றி அது எதையும் கூறவில்லை. மேலும், பதினேழு பேர் ஒருவர் பின் ஒருவராக ஒரே சாய்வில் இருந்ததால், அது கழன்றபோது எவரும் பாதுகாப்பான இடத்தில் இல்லை. ஐயத்துக்குரிய சாய்வை ஒருவர் கடந்து முடித்த பின்பே அடுத்தவர் நுழைய வேண்டும் என்பது இன்று பனிமலைப் பயிற்சியின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குள்ளேயே வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே புதைந்தவரைக் கண்டறியும் வானொலிக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் எடுத்துச் செல்வது இன்றைய வழக்கம். 1922ல் இவற்றில் எதுவும் அவர்களிடம் இல்லை. பனியின் அடுக்குகளை ஆய்வகத்தில் முறையாக ஆராயும் பணி சுவிட்சர்லாந்தில் டாவோசுக்கு மேலே உள்ள வைசுஃப்ளூயோக் மலையில் 1930களில்தான் தொடங்கியது.

இவை அவர்களுடைய முடிவை முற்றிலும் நியாயப்படுத்திவிடா. பருவமழை தொடங்கிய பின்னர், கடும் பொழிவுக்குப் பிறகு ஒரே ஒரு நாள் காத்திருந்து, சுமையுடன் பதினான்கு பேரை அந்தச் சாய்வில் அழைத்துச் சென்றது அந்நாளின் அளவுகோலாலும் துணிந்த செயலே. லாங்சுடாஃப் போன்ற அனுபவசாலிகள் அன்றே அவ்வாறு கருதினர்.

நெய்யூரும் ஒரு முடிவும்

பயணம் கலைந்த பிறகு சாமர்வெல் உடனே ஊர் திரும்பவில்லை. கையில் இருந்த சிறு தொகையுடன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டுத் தெற்கு முனை வரை வந்தார். நெய்யூரில் இலண்டன் மிசன் சங்கம் நடத்தி வந்த மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். 1838ல் ஆர்ச்சிபால்டு இராம்சே தொடங்கிய மருத்துவப் பணியின் தொடர்ச்சி அது. அங்கே மருத்துவர் பியூ, வெளியே காத்திருக்கும் பெருங்கூட்டத்தைத் தனி ஒருவராகச் சமாளித்துக்கொண்டிருந்தார். சாமர்வெல் சில நாட்கள் உடனிருந்து அறுவை செய்தார். இலண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்ந்த மருத்துவப் பதவியை மறுத்துவிட்டு, நெய்யூருக்கே வருவதென்று முடிவு செய்தார்.

பனிச்சரிவு நிகழ்ந்த அதே ஆண்டில் இம்முடிவு எடுக்கப்பட்டதால், இரண்டையும் காரணமும் விளைவுமாக இணைத்துப் பேசுவோர் உண்டு. அவ்வாறு இணைப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அவரே முன்னிறுத்திய காரணம் நெய்யூரில் நேரில் கண்ட நோயாளர் கூட்டமும், அவர்களுக்கு மருத்துவர் இல்லாத நிலையும் ஆகும். சோம் போர்க்களத்தில் காயமுற்றோர் நடுவே நின்ற ஒருவருக்கு அந்தக் காட்சி புதியதாக இருந்திருக்காது.

1924: வடக்குக் கணவாயில் மீட்பு

1923ல் நெய்யூரில் பணியைத் தொடங்கிய சாமர்வெல், 1924ல் மீண்டும் எவரெஸ்ட் குழுவில் சேர்ந்தார். தலைவர் புரூசு வழியிலேயே மலேரியாவால் விழுந்ததால் நார்ட்டன் தலைமை ஏற்றார். அந்த ஆண்டு மே மாதத்தில் குளிரும் புயலும் கடுமையாக இருந்தன. சுமையாட்களிடையே நோய் பரவியது, இருவர் உயிரிழந்தனர். 1922ல் பனிச்சரிவு நிகழ்ந்த சாய்வைத் தவிர்ப்பதற்காக, வடக்குக் கணவாய்க்கு இம்முறை வேறொரு வழி அமைக்கப்பட்டது. அதில் உறைபனிச் சுவர் ஒன்றின் வெடிப்புக்குள் நுழைந்து ஏற வேண்டியிருந்தது. அதற்கும் மேலே, கணவாயை ஒட்டி, அடியில் செங்குத்து உள்ள ஒரு பனிச்சாய்வைக் குறுக்காகக் கடக்க வேண்டியிருந்தது.

மே 21 அன்று சாமர்வெல், ஆண்ட்ரூ இர்வின், ஜான் அசார்டு ஆகியோர் பன்னிரண்டு சுமையாட்களுடன் கணவாய் வரை ஏறினர். அசார்டும் சுமையாட்களும் மேலே தங்க, மற்ற இருவரும் இறங்கினர். பின்னர் பனிப்பொழிவு தொடங்கியது. மே 23 அன்று அசார்டு இறங்கி வந்தபோது அவருடன் எட்டுப் பேரே இருந்தனர். புதுப்பனி மூடிய அந்தக் குறுக்குச் சாய்வைக் கடக்கத் துணியாமல் மற்ற நால்வரும் முகாமுக்கே திரும்பிவிட்டனர். அவர்களுள் உறைபனிக்கடிக்கு உள்ளானவர்களும் இருந்தனர். பொழிவு தொடர்ந்தால் அவர்கள் அங்கேயே இறப்பது உறுதி. ஏறிச் சென்றாலோ 1922ன் நிலைமை மீண்டும் ஏற்படக்கூடும். பனி அதே போலப் புதிது, மலையின் பக்கமும் அதுவே.

நார்ட்டன் தயங்கவில்லை. இம்முறை எவ்விழப்பிலும் சுமையாட்களைக் கைவிடுவதில்லை என்பதில் மூவரும் ஒரே மனத்துடன் இருந்தனர். மே 24 அன்று நார்ட்டன், மலோரி, சாமர்வெல் ஆகியோர் மட்டும் புறப்பட்டனர். மூவரின் உடல்நிலையும் நன்றாக இல்லை. சாமர்வெல்லுக்கு விடாத தொண்டை இருமல். மாலை நெருங்கும் நேரத்தில் அந்தக் குறுக்குச் சாய்வின் விளிம்பை அடைந்தனர். சாமர்வெல் தாமே முன்செல்வதாகக் கூறி, ஏறத்தாழ 60 மீட்டர் நீளக் கயிற்றின் ஒரு முனையில் தம்மைக் கட்டிக்கொண்டார். மறுமுனையை மற்ற இருவரும் பனிக்கோடரியில் சுற்றிப் பிடித்துக்கொண்டனர். காலுக்குப் படிகளை ஆழமாக மிதித்து அமைத்தும், இடையிடையே நின்று இருமியும் அவர் சாய்வைக் கடந்தார். சுமையாட்கள் நின்ற இடத்துக்கு இன்னும் 10 மீட்டர் அளவு இருக்கும்போது கயிறு தீர்ந்துவிட்டது.

அந்த இடைவெளியை நால்வரும் கயிறின்றியே கடக்க வேண்டியிருந்தது. முதல் இருவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து சாமர்வெல்லைக் கடந்து, கயிற்றைப் பிடித்தபடி மறுபக்கம் சென்றனர். அடுத்த இருவரும் ஒன்றாகக் கால் வைத்தனர். பனி பெயர்ந்தது. இருவரும் வழுக்கிச் சில மீட்டர் கீழே சென்று, செங்குத்தின் விளிம்புக்கு மேலே எப்படியோ நின்றனர். அசையாமல் இருக்குமாறு கத்திவிட்டு, சாமர்வெல் பனிக்கோடரியைப் பனியில் ஆழ ஊன்றினார். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கோடரியைச் சுற்றிப் போட்டு, கயிற்று நுனியை ஒரு கையால் பற்றியவாறு கீழே இறங்கி, மறு கையை நீட்டினார். ஒவ்வொருவராகப் பிடரியில் பிடித்து மேலே இழுத்துக் கோடரி வரை கொண்டுவந்து சேர்த்தார். இருட்டிய பிறகு எழுவரும் பனியாற்றை அடைந்தனர். ஜான் நோயலும் நோயல் ஓடலும் சூடான சூப்புடன் எதிர்கொண்டு வந்து காத்திருந்தனர்.

இந்த மீட்பினால் குழுவினரின் வலு வெகுவாகக் குறைந்தது. சிகரத்தை அடையும் வாய்ப்பு அன்றே பெரிதும் நழுவிவிட்டது எனலாம்.

சிகர முயற்சி

ஜூன் 4 அன்று நார்ட்டனும் சாமர்வெல்லும் 8,170 மீட்டர் உயரத்தில் இருந்த ஆறாம் முகாமில் இருந்து ஆக்சிசன் இன்றிப் புறப்பட்டனர். வறண்ட குளிர்காற்று சாமர்வெல்லின் தொண்டையைப் புண்ணாக்கியிருந்தது. ஏறத்தாழ 8,500 மீட்டரில் மூச்சு விட இயலாமல் அவர் நின்றுவிட்டார். நார்ட்டன் தனியே சென்று ஏறத்தாழ 8,570 மீட்டரை எட்டித் திரும்பினார். ஆக்சிசன் இன்றி எட்டிய உயரங்களில் இதை 1978 வரை எவரும் விஞ்சவில்லை.

இறங்கும் வழியில் சாமர்வெல்லின் குரல்வளையில் ஏதோ அடைத்துக்கொண்டது. உறைபனிக்கடியால் செத்துப்போன சவ்வு கழன்று மூச்சுக்குழலை மூடியிருந்தது. முன்னே சென்ற நார்ட்டனைக் கூப்பிடக் குரல் எழவில்லை. படம் வரைவதற்காகப் பின்தங்குகிறார் என்றே நார்ட்டன் எண்ணினார். சாவை எதிர்பார்த்துப் பனியில் உட்கார்ந்த சாமர்வெல், கடைசி முயற்சியாக இரு கைகளாலும் தம் மார்பை முழு வலுவுடன் அழுத்தினார். அடைப்பு இரத்தத்துடன் வெளிவந்தது. நார்ட்டன் அன்றிரவே பனிக்குருட்டால் பார்வை இழந்தார், சில நாட்களில் அது மீண்டது.

மலோரி தம் கடைசி முயற்சிக்குப் புறப்பட்டபோது சாமர்வெல் தம்முடைய சிறிய கோடாக் ஒளிப்படக் கருவியை அவரிடம் கொடுத்தார். ஜூன் 8 அன்று மலோரியும் இர்வினும் மறைந்தனர். மலோரியின் உடல் 1999 மே 1 அன்று கண்டுபிடிக்கப்பட்டது, ஒளிப்படக் கருவி அதனுடன் இல்லை. இருவரும் சிகரத்தை அடைந்தனரா என்னும் கேள்விக்கு விடை அதன் படச்சுருளில் இருக்கலாம் என்று கருதப்படுவதால், மலையேற்ற வரலாற்றில் பெரிதும் தேடப்பட்ட பொருட்களுள் ஒன்றாக அது விளங்குகிறது.

நெய்யூர்ப் பணி

எவரெஸ்டில் இருந்து நேராக நெய்யூருக்குத் திரும்பினார். 1925ல் மார்கரெட் ஹோப் சிம்சனை மணந்தார். இவர்களுக்கு மூன்று புதல்வர்கள். திருவிதாங்கூரில் மிகுந்திருந்த முன்சிறுகுடல் புண்ணுக்கு அறுவை செய்வதில் சாமர்வெல் பெயர் பெற்றார். நோயாளிகள் வெகு தொலைவில் இருந்து நடந்தும் கட்டிலில் சுமக்கப்பட்டும் வந்தனர். தொழுநோயாளருக்கான பணியிலும் கிளை மருத்துவமனைகளிலும் ஈடுபட்டார். வெற்றிலை போடும் வழக்கத்துக்கும் வாய்ப்புற்று நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று, இவர் காலத்தில் நெய்யூரில் உடன் பணியாற்றிய இயன் ஓர் என்பவரால் 1933ல் வெளியிடப்பட்டது.

எவரெஸ்ட், நெய்யூர் ஆகிய இரு அனுபவங்களையும் விவரிக்கும் 'எவரெஸ்டுக்குப் பின்' என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலை 1936ல் வெளியிட்டார். இந்திய மருத்துவப் பணி பற்றிய இன்னொரு நூல் 1940ல் வந்தது. பிரித்தானிய அரசு இவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவ ஆசிரியராகச் சேர்ந்து 1961 வரை பணிபுரிந்தார்.

ஓவியமும் இசையும்

செல்லும் இடமெல்லாம் வண்ணங்களை எடுத்துச் சென்றவர் சாமர்வெல். எவரெஸ்ட் பயணங்களின்போது நீர்வண்ணத்திலும் வண்ணக்கட்டியிலும் ஏராளமான படங்களை வரைந்தார். உயரத்துக் காற்றில் தொலைவும் அண்மையும் ஒரே தெளிவுடன் தெரிவதை அவருடைய படங்களில் காணலாம். திபெத்தில் கேட்ட நாட்டுப்புறப் பாடல்களை இசைக்குறியில் எழுதியும் வைத்தார். அவை எவரெஸ்ட் பயணத் திரைப்படத்துக்கான பின்னணி இசைக்குப் பயன்பட்டன.

இறுதிக்காலம்

1961ல் இங்கிலாந்து திரும்பி, தாம் சிறுவயதில் மலையேறக் கற்ற ஏரி மாவட்டத்தில் ஆம்பிள்சைடு என்னும் ஊரில் குடியேறினார். 1962 முதல் 1965 வரை ஆல்பைன் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1975 ஜனவரி 23 அன்று ஆம்பிள்சைடில் காலமானார். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் காரக்கோணத்தில் உள்ள தென்னிந்தியத் திருச்சபையின் மருத்துவக் கல்லூரி இவர் பெயரைத் தாங்கியுள்ளது. எழுத்தாளர் ஜெயமோகனின் 'ஓலைச்சிலுவை' என்னும் சிறுகதை நெய்யூர்க் காலத்துச் சாமர்வெல்லைப் பாத்திரமாகக் கொண்டது.